தலைமாடு தாழ்ந்த கட்டில்

மூன்று வாரம் படுத்தே கிடப்பதற்காக நான் ஒற்றைக்காலில் நின்றேன். வீட்டில் முதலில் சிரித்தார்கள், பிறகு கோபித்தார்கள், கடைசியில் அழுதும் பார்த்தார்கள். நான் அசையவில்லை. அப்போது எனக்கு ஐம்பத்து மூன்று வயது. அந்த வயதில் ஒரு பெண் பிடிவாதம் பிடித்தால் அதற்கு ஏதாவது வருத்தம்தான் காரணமாக இருக்க வேண்டும் என்று எங்கள் ஆட்கள் நினைக்கிறார்கள்.

எனக்கு நகரத்தின் எல்லர்ஸ்லிப் பகுதியில் வேலை. காப்புறுதி அலுவலகம் ஒன்றில் மற்றவர்களுடைய உடைந்த கார்களையும் ஒழுகுகிற கூரைகளையும் கணினியில் பதிகிற வேலை. ஆள் தேடும் அறிவித்தல் ஒன்று எங்கள் கட்டிடத்தின் கீழே இருக்கும் கோப்பிக் கடையின் சுவரில் ஒட்டியிருந்தது. பின்கட்டிடத்தில் ஒரு சிறு குழு, தூர விண்வெளிப் பயணம் போகிறவர்களுக்கான உடற்பயிற்சிப் பொறி ஒன்றைச் செய்துகொண்டிருந்தது. அதைச் சோதித்துப் பார்க்க ஆட்கள் வேண்டுமாம். மூன்று வாரம் கட்டிலில் கிடக்க வேண்டும், எதற்காகவும் எழும்பக்கூடாது. கீழே இன்னொரு வரி இருந்தது. ஐம்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களைக் குறிப்பாக வரவேற்கிறோம்.

கோப்பி ஆறிப்போகும்வரை அந்த வரியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஐம்பது தாண்டியதிலிருந்து எனக்குக் கிடைத்ததெல்லாம் வேண்டாம், கூடாது, கவனம் என்பவைதான். ஏணியில் ஏறாதே, விழுந்தால் எலும்பு பொருந்தாது. மழையில் மோட்டர்வேயில் கார் ஓடாதே. தோட்டத்து மண்மூட்டையைத் தூக்காதே, மகனொருத்தன் இருந்தால் தூக்கியிருப்பான் என்று அனுதாபம் வேறு. என்னைக் குறிப்பாக வேண்டும் என்று சொன்னது அந்தக் கோப்பிக் கடைச் சுவர் மட்டும்தான்.

பொறுப்பாக இருந்த டொக்டரைப் போய்ப் பார்த்தேன். அவருக்கும் என் வயதுதான் இருக்கும். நரைத்த தலையை ஒட்ட வெட்டி, சாயம் பூசாமல் விட்டிருந்தார். சுற்றி வளைக்காமல் சொன்னார். பாரமே தெரியாத இடத்தில் மாதக்கணக்காக மிதந்துகொண்டு போகிறவரின் உடம்புக்குத் தன்னைத் தாங்க வேண்டிய வேலை இல்லாமல் போய்விடுகிறது. வேலை இல்லை என்றதும் உடம்பு காலையும் இடுப்பையும் கவனிப்பதை விட்டுவிடுகிறது. தசை வற்றுகிறது. எலும்பின் சுண்ணாம்புச் சத்துக் கரைந்து சிறுநீரோடு போகிறது. காலில் நிற்க வேண்டிய நீரெல்லாம் மேலே ஏறி முகம் வீங்குகிறது, மூக்கு அடைக்கிறது, கண்பார்வைகூட மாறலாம். பூமியில் இருந்துகொண்டே ஏறக்குறைய அப்படியொரு நிலையை உண்டாக்க வேண்டுமானால், தலைமாடு கால்மாட்டைவிடக் கொஞ்சம் தாழ்ந்த கட்டிலில் ஒருவரைப் படுக்க வைக்க வேண்டும்.

"விண்வெளியிலிருந்து பூமிக்குத் திரும்புகிறவர்களைத் தூக்கி நாற்காலியில் இருத்த ஆட்கள் காத்துக்கொண்டு நிற்பார்கள். செவ்வாயில் யார் நிற்கப்போகிறார்கள்? அங்கே போய் இறங்குகிறவர் தானே எழும்பி, தானே கதவைத் திறக்க வேண்டும்," என்றார்.

அவர்கள் கையில் இருந்ததெல்லாம் பெரும்பாலும் இளம் ஆண்களின் உடம்பைப் பற்றிய கணக்கு. மாதவிலக்கு நின்ற பெண்ணின் எலும்பு பூமியில் இருக்கும்போதே மெலியத் தொடங்குகிறது. அந்த எலும்பை இந்தப் பொறி காக்குமா என்று தெரிய வேண்டுமானால் அப்படி ஒருத்தி வந்து படுக்க வேண்டும். படுக்காவிட்டால் பொறியை ஆண்களுக்கு அளவெடுத்துச் செய்து முடித்துவிடுவார்கள், பிறகு உங்களுக்கு இது சரிவராது அம்மா என்று எங்களுக்குச் சொல்வார்கள். இந்தக் கடைசி வசனம் டொக்டர் சொன்னதல்ல, என்னுடையது. அவர் சிரித்துவிட்டுப் படிவத்தை நீட்டினார்.

மாசி என்ற புறநகரிலுள்ள எங்கள் வீட்டில் விசாரணை நடந்தது. கணவர் முதலில் பகிடியாகத்தான் எடுத்தார்.

"சும்மா படுத்துக் கிடக்கிறதுக்கோ ஆள் தேடுறாங்கள்? என்னைச் சேர்த்துவிடுமன்."

"உங்களுக்கு அதிலை முப்பது வருச அனுபவம். அவைக்குப் புது ஆக்கள்தான் வேணுமாம்," என்றேன்.

மகள், "அம்மா, தட்ஸ் அமேசிங்," என்று ஒரு தடவை கட்டிப்பிடித்துவிட்டுக் கைத்தொலைபேசியோடு அறைக்குள் போய்விட்டாள். மிச்சமிருந்தது மச்சாள். கணவரின் அக்கா. நகரத்தின் மறுமுனையிலுள்ள தகனினியில் மகனோடு இருக்கிறா. கணவரை இழந்தவ. கோயில் மண்டபத்தில் யார் சமைப்பது, யார் பரிமாறுவது, யாருடைய வீட்டுக்கு யார் துக்கம் விசாரிக்கப் போவது என்பதெல்லாம் அவவின் வாயிலிருந்துதான் வரும். செய்தி கேள்விப்பட்ட அன்றே மகனைக் காரோட வைத்துக்கொண்டு நகரத்தின் அந்த முனையிலிருந்து இந்த முனைக்கு வந்துவிட்டா.

"சுகமாய் இருக்கிற பொம்பிளை ஏன் பிள்ளை படுக்கையிலை கிடக்க வேணும்?"

"செவ்வாய்க்குப் போற ஆக்களுக்கு உதவி, மச்சாள்."

"செவ்வாய்க்கோ? ஏழாம் வீட்டிலை இருந்துகொண்டு எத்தினை பெட்டையளின்ரை கலியாணத்தைக் குழப்பின கிரகம் அது. அதுக்குப் போறவனுக்கோ நீ உதவி செய்யப்போறாய்?"

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. சிரித்ததில் மச்சாளுக்கு இன்னும் கோபம் ஏறியது. தலைகீழாக நின்றாலும் என்னைத் தடுக்க ஏலாது என்று சொன்னேன். உண்மையில் தலைகீழாகக் கிடக்கப் போனது நான்தான்.

படுப்பது சுகமான வேலை என்று நினைக்கிறவர்கள் அப்படிப் படுத்துப் பார்த்ததில்லை. முதல் இரண்டு நாளும் மண்டைக்குள் யாரோ தண்ணீர் வார்ப்பது போலிருந்தது. மூக்கு அடைத்து வாயால் மூச்சு விட்டேன். முதுகு வலியில் உயிர் போனது. சரிந்து கிடந்தபடி சாப்பாடு, குழாயால் தேநீர். குளிப்பும் மற்றதும் கிடந்தபடியேதான், அதை விபரிக்க மாட்டேன். வெட்கத்தை முதல் நாளே கழற்றி வைக்காவிட்டால் அங்கே ஒருவராலும் தாக்குப்பிடிக்க முடியாது. நிறுத்துத் தருகிற சாப்பாட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைக்கவும் கூடாது, வெளியிலிருந்து ஒரு பருக்கை வாயில் வைக்கவும் கூடாது. ஜன்னலால் கார் தரிப்பிடத்தின் ஒரு மூலையும் ஒரு மின்கம்பமும் தெரிந்தன. மோட்டர்வேயின் இரைச்சல் பகல் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. அவ்வளவு பேரும் எங்கேயோ போகிறார்கள், நான் கிடக்கிறேன் என்று எரிச்சல் வந்தது. அப்போதெல்லாம், இந்த அறையில் எல்லாரையும்விடத் தூரம் போய்க்கொண்டிருப்பது நான்தான் என்று எனக்கு நானே வீம்பாகச் சொல்லிக்கொள்வேன்.

பொறி கால்மாட்டில் பூட்டியிருந்தது. தோளிலும் இடுப்பிலும் பட்டிகளை மாட்டி, பாதங்களை ஒரு தட்டில் வைத்து உதைக்க வேண்டும். பட்டிகள் என்னைத் தட்டை நோக்கி இழுக்கும், நான் எதிர்த்து உதைக்க வேண்டும். காலையும் மாலையும் உதைத்தேன். வாழ்நாளில் உதைக்க விரும்பி உதைக்காமல் விட்ட பல பேரை அந்தத் தட்டில் வைத்து உதைத்தேன். கணக்கெடுக்கும் பொடியன் நான் நல்ல உற்சாகமாகச் செய்கிறேன் என்று பாராட்டினான்.

முதல் வாரம் முடியுமுன் ஒரு பெண் முதுகு வலி தாங்காமல் எழும்பிப் போனார். அவரில் குற்றம் சொல்ல மாட்டேன், அந்த வலியை நான் அறிவேன். இன்னொருவரின் மகளுக்குக் குழந்தை முந்திப் பிறந்துவிட்டது, அவரும் போனார். டொக்டர் வந்து என் தலைமாட்டில் குந்தி இருந்து, என் முகத்துக்கு நேரே முகம் வைத்துச் சொன்னார்.

"பெண்களில் இப்போது நீங்கள் ஒருவர்தான். நீங்களும் போவதானால் தடுக்க மாட்டோம். ஆனால் மிச்சத்தை ஆண்களை வைத்துத்தான் முடிப்போம்."

நான் போவதாயில்லை என்றேன். அப்போது எனக்கு மூக்கடைப்பு, முதுகு வலி, வீட்டுக்காரரின் நினைப்பு எல்லாம் ஒன்றாக இருந்தன. ஆனால் என் இடம் வெறுமையாகி, அந்த வெறுமையை ஓர் ஆணின் இலக்கத்தால் நிரப்புவார்கள் என்று நினைத்தபோது வந்த கோபம் எல்லாவற்றையும்விடப் பெரிதாக இருந்தது. தலை கால்மட்டத்துக்கு மேலே உயர்ந்தால் கணக்குக் கெட்டது, கெட்டால் நான் வெளியே. ஆகவே தலையைத் தாழ்த்தியே வைத்திருப்பது என்று முடிவெடுத்தேன். எங்கள் குடும்பத்தில் நான் தலையைத் தாழ்த்தி வைத்திருந்தது அந்த மூன்று வாரம் மட்டும்தான்.

இனி, எங்கள் ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய பிழைக்கு வருகிறேன். கோயிலில் யாரோ என்னை விசாரித்திருக்கிறார்கள். கணவர் உள்ளதைச் சொல்லியிருக்கிறார்: அவ எல்லர்ஸ்லியிலை படுக்கையிலை, எழும்பக்கூடாதாம், டொக்டர்மார் பாக்கினம். விண்வெளி, செவ்வாய், பொறி என்று மிச்சத்தையும் சொல்லித்தான் இருக்கிறார். அதை யார் கேட்டது? பாவம் மனிசன், துக்கத்திலை என்னவோ உளறுது என்று விட்டுவிட்டார்கள். நோயாளியைப் பார்க்கப் போவது எங்கள் சனத்துக்கு ஒரு கடமை, ஹோர்லிக்ஸ் போத்தல் அதற்கு நுழைவுச்சீட்டு. ஞாயிற்றுக்கிழமை பார்வையாளர் நேரத்தில் கணவருக்குப் பின்னால் ஒரு கூட்டமே வந்துவிட்டது. தோடம்பழம், விபூதி, தூக்குச்சட்டியில் சூப்பு, ஹோர்லிக்ஸ், இன்னொரு ஹோர்லிக்ஸ்.

உள்ளே வந்ததும் அவர்கள் கண்டது என் முகத்தை. நீர் ஏறி இமைகள் தடித்து, இரண்டு நாள் விடாமல் அழுதவளின் முகம். மாசியில் எங்களுக்குப் பக்கத்து வீட்டில் இருக்கும் மலேசியத் தமிழ்ப் பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அக்கா, எங்ககிட்ட மறைக்காதீங்க லா. டாக்டரு என்னா சொன்னாரு? கட்டியா?"

"கட்டியும் இல்லை, ஒண்டும் இல்லை. நான் நல்லாய் இருக்கிறன்."

"கடைசி வரைக்கும் இப்படித்தான் தைரியமா பேசுவாங்க," என்று அவள் பக்கத்தில் நின்றவரிடம் சொல்லி விசும்பினாள்.

மச்சாள் கட்டிலைச் சுற்றி வந்து, ஜன்னலால் வெயில் எந்தப் பக்கத்தால் வருகிறது என்று பார்த்தா. முகம் கறுத்தது.

"வடக்கை தலைமாடு வைச்சுக் கிடத்தியிருக்கிறாங்கள்."

"விண்வெளியிலை வடக்கே கிடையாது, மச்சாள்."

"தலை பதிஞ்சு வேறை கிடக்குது. எந்த மடையன் இப்பிடிக் கட்டில் போட்டது?"

என் பதிலுக்குக் காத்திராமல் கட்டிலோரத்தில் தொங்கிய, கட்டிலை உயர்த்தித் தாழ்த்தும் ஆளியைக் கையிலெடுத்து அழுத்திவிட்டா. தலைமாடு உறுமிக்கொண்டு மேலே ஏறத் தொடங்கியது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. விடுங்கோ, விடுங்கோ என்று கத்தினேன். நோவிலை கத்துறாள் என்று நினைத்து மச்சாள் இன்னும் அழுத்தினா. இரண்டு வாரம் உதைத்த உதையெல்லாம் கண்ணெதிரே வீணாகிக்கொண்டிருந்தது. அடுத்த கணம் பக்கவாட்டில் புரண்டு, கட்டிலின் விளிம்புக்கு வெளியே தலையைத் தொங்கவிட்டேன். என் கூந்தல் நிலத்தைக் கூட்டியது. தலைகீழாகத் தெரிந்த செருப்புகளைப் பார்த்து என் கணவரின் செருப்பு எது என்று கண்டுபிடித்து, அதைப் பார்த்துக் கத்தினேன்.

"இஞ்சாருங்கோ! உங்கடை அக்காவின்ரை கையிலை இருக்கிறதைப் பறியுங்கோ!"

என் கணவர் அக்காவின் பேச்சைத் தட்டியதை நான் அதற்கு முன் கண்டதில்லை. அன்று பறித்தார். கட்டில் இறங்கியது. தாதி ஓடி வந்தா, பின்னால் டொக்டரும் வந்தார். தூக்குச்சட்டிக்காரர்களை வெளியே அனுப்பிவிட்டு, கட்டிலில் பதிவான அளவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நடந்ததைச் சொன்னேன். என் தலை ஒரு கணமும் காலுக்கு மேலே போகவில்லை, தேவையானதைவிடக் கூடவே தாழ்ந்துதான் கிடந்தது என்று வாதாடினேன். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு அளவை இன்னொரு தடவை பார்த்தார். சிரிப்பை அடக்குகிறார் என்று பிறகுதான் விளங்கியது. தொங்கவிடக்கூடாது என்று எங்கள் விதிகளில் இல்லை, தொடருங்கள் என்றார். எனக்கு அப்போதுதான் உண்மையாகவே கண்ணீர் வந்தது. படுத்திருந்ததால் அது காதுக்குள் போனது.

மச்சாள் மட்டும் போகவில்லை. வாசலில் நின்றா. நான் அவவை நன்றாகத் திட்ட வாயைத் திறந்தேன். அதற்குள் அவ கதைக்கத் தொடங்கிவிட்டா.

"படுத்த மனிசர் எழும்பினதை நான் காணேல்லை, பிள்ளை."

அவவின் கணவர், எங்கள் அத்தார், பாரிசவாதத்தில் விழுந்து தகனினி வீட்டின் முன் அறையில் நாலு வருடம் கிடந்தார். ஒவ்வொரு காலையும் மச்சாள் அவரைச் சாய்த்து இருத்தி, இண்டைக்கு நிக்கப் பாப்பம் என்று சொல்லிக் கால் பிடித்துவிட்டதை நானும் கண்டிருக்கிறேன். அவருடைய கால்கள் வர வர மெலிந்து போனதையும் கண்டிருக்கிறேன். அவர் நிற்கவேயில்லை. அந்தக் கட்டிலிலிருந்து நேரே மயானத்துக்குத்தான் போனார். தலைமாட்டை உயர்த்தினால் மூச்சு இலகுவாகும் என்று அந்த நாலு வருடமும் பழகிய கைதான் எனக்கும் ஆளியை அழுத்தியது. கோபம் முழுவதும் வடிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் திட்ட வேண்டிய வாய் வேறொன்றைச் சொன்னது.

"நான் எழும்புவன், மச்சாள். எழும்புற அண்டைக்கு வந்து உங்கடை கண்ணாலை பாருங்கோ."

சொல்லிவிட்டேனே தவிர, அன்று பின்னேரம் எனக்குப் பயம் பிடித்தது. அதுவரை ஒரு பொறிக்காகவும் ஒரு வீம்புக்காகவும் கிடந்தவள், இப்போது ஒரு மனுசிக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். எழும்பும் நாளில் மயங்கி விழுகிறவர்கள் பலர் என்று தாதி முன்பே சொல்லியிருந்தா. மச்சாளின் கண் முன்னால் நான் விழுந்தால் அவ எதை நம்பிக்கொண்டு வீட்டுக்குப் போவா? மறுநாளிலிருந்து தட்டை இன்னும் பலமாக உதைத்தேன். பட்டி பட்ட இடத்தில் தோள் கன்றிப்போனது.

மச்சாள் அடுத்த வாரம் முழுக்கப் பஸ்ஸிலும் ரயிலிலும் மாறி மாறி வந்தா. என்னிடம் வருவதில்லை. வெளி நடையில் ஒரு கதிரையைப் போட்டு இருந்துவிடுவா. ஹோர்லிக்ஸ் போத்தலோடு வருகிறவர்களை அங்கேயே மறித்தா. கதவுக்கு இந்தப் பக்கம் அவவின் குரல் கேட்கும்.

"அவ வருத்தக்காரி இல்லை. வேலையாய்க் கிடக்கிறா. போயிட்டுப் பிறகு வாருங்கோ."

எழும்பும் நாள் வந்தது. கட்டிலை மெதுவாக மட்டமாக்கி, இருத்தி, கையில் இரத்த அழுத்தப் பட்டியைச் சுற்றி, கால்களை நிலத்தில் வைக்கச் சொன்னார்கள். பத்து நிமிடம் ஒன்றையும் பிடிக்காமல் நிற்க வேண்டும். முடியாது என்று ஒரு சொல் சொன்னால் உடனே படுக்க வைத்துவிடுவார்கள். நின்றதும் அறை ஒரு பக்கமாகச் சரிந்தது. நிலம் பாதத்தில் ஊசி ஊசியாகக் குத்தியது. நெஞ்சு அடித்த அடி காதில் கேட்டது. வேர்வை கண்ணுக்குள் இறங்கியது. நாலாம் நிமிடமோ ஐந்தாம் நிமிடமோ பார்வையின் ஓரங்கள் கறுக்கத் தொடங்கின. டொக்டர், போதுமா என்று கேட்டார். தலையை ஆட்டினால் விழுந்துவிடுவேன் என்பதால் வாயால் மட்டும் இல்லை என்றேன். செவ்வாயில் இறங்கினால் போதுமா என்று கேட்க யாரும் இருக்க மாட்டார்கள். முழங்கால் நடுங்கியது, இடுப்பு நடுங்கியது, பல்லைக் கடித்துக்கொண்டு கறுப்பு விலகும்வரை நின்றேன். விலகியது.

நேரம் முடிந்ததும் டொக்டர் கதவைக் காட்டி, விருப்பமானால் நடந்து போய்த் திறக்கலாம் என்றார். ஆறேழு எட்டு வைத்திருப்பேன். காலைத் தூக்குவது யாரோ ஒருவரின் காலைத் தூக்குவது போலிருந்தது. தாதி பின்னாலேயே வந்தா, தொடவில்லை. கைப்பிடியை நானே திருப்பினேன்.

வெளியே மச்சாள் கதிரையை விட்டு எழும்பி நின்றுகொண்டிருந்தா. என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தா. நடுங்குகிற முழங்காலில் அவவின் கண் நின்றுவிட்டது. உடனே இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வந்தா.

"காணும் பிள்ளை, நிண்டது காணும். என்ரை கையைப் பிடி. வந்து இரு."

"கையைத் தராதேங்கோ, மச்சாள். என்னை நிக்க விடுங்கோ."

நீட்டிய கை அப்படியே நின்றது. பிறகு அவ அதைத் தன் மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, ஓர் அடி பின்னுக்குப் போய், எனக்கு இடம் விட்டா.

"நில்லு, பிள்ளை," என்றா. "நான் பாத்துக்கொண்டு நிக்கிறன்."